ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தாடை ஆபரேஷன்: இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்டோம், எங்கள் முடிவும் இதோ

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற நோய்தான் ஸ்லீப் ஆப்னியா. அதற்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி முன்னால் நகர்த்தி வைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. என் கணவருக்கு அதைச் செய்யலாமா வேண்டாமா என்று கேட்க இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று பல் மற்றும் முகச் சீரமைப்பு கிளினிக், இன்னொன்று சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. கிளினிக்குக்கு 5க்கு 1 தருவேன், மருத்துவமனைக்கு 5க்கு 4. இரண்டின் பெயரையும் போடவில்லை. முதல் இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைதான் இருக்கிறது. இரண்டாவது இடத்தின் பெயரைப் போட்டால் எல்லாரும் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு அங்கே போவார்கள், போய் என்ன கேட்க வேண்டும் என்பதை விட்டுவிடுவார்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் எந்த டாக்டரிடம் போனாலும் பயன்பட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மார்க் போட்ட விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது இந்த ஆளுக்குத் தொண்டை எந்த இடத்தில் அடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். அதைப் பார்க்காமல் "செய்யுங்கள்" என்று சொல்கிறவரும் சரி, அதைப் பார்க்காமல் "அய்யோ அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்கிறவரும் சரி, ஊகத்தில்தான் பேசுகிறார்கள்.

என் கணவருக்கு வயது 38, எடை 62 கிலோ. ஸ்லீப் ஆப்னியா என்றாலே குண்டாக இருப்பவர்களுக்கு வருவது என்று நினைப்பதால் எங்களை யாரும் நம்பவே இல்லை. அவருடைய கீழ்த்தாடை சின்னது, பின்னால் ஒடுங்கியது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் தாடை கழுத்தோடு சேர்ந்த மாதிரி இருக்கும். அவருடைய அப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அதே முகம்தான். எடை பெரும்பாலும் முக்கியமான காரணம்தான், ஆனால் ஆசிய நாட்டவர்களில் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருவதற்கு முக எலும்பின் அமைப்பு ஒரு பெரிய காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எலும்புக் கூடு சின்னதாக இருந்தால் உள்ளே நாக்குக்கு இடம் போதாது, மல்லாந்து படுத்து தசை தளர்ந்ததும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது.

என் மாமியார் நீண்ட நாள், "அவங்க அப்பாவும் இப்படித்தான் குறட்டை விடுவாரு, நல்ல தூக்கம்மா அது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுக்கிற எனக்குத்தான் தெரியும். குறட்டை சத்தம் எனக்குப் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூக்கில் காற்றே இருக்காது, அப்புறம் தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்த மாதிரி ஒரு பெரிய திணறல். காலையில் எழுந்ததும் தலைவலி, டீ குடிக்கும்போதே கண் சொக்கும். அவர் வேலைக்குக் கப்பலூர் சிட்கோவுக்குப் பைக்கில் போகிறவர், திருமங்கலம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் அந்தக் கண்ணோடு போகிறார் என்பது தினமும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மதுரையில் நுரையீரல் டாக்டர் ஒருவர்தான் ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுத்தார். தலையில் ஒயர்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் கிளிப், மூக்கில் குழாய், இவ்வளவையும் மாட்டி ஒரு ராத்திரி தூங்க வைக்கிறார்கள். வந்த எண்ணுக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். ஒரு மணி நேரத்தில் குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றதும், மூச்சு வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து எத்தனை தடவை என்ற கணக்கு அது. 5க்குக் கீழ் இருந்தால் பிரச்சினை இல்லை, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. இவருக்கு 44. அதாவது ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் ஒரு தடவை. ரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது. இப்படியே விட்டால் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் என்று ஒவ்வொன்றாக வரும் வாய்ப்பு கூடும், வண்டி ஓட்டும்போது தூங்கிவிடுவது தனி.

முதலில் சிபாப் மெஷின்தான் கொடுத்தார்கள், அதுதான் சரியும்கூட. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது, இன்றைக்கும் முதல் மருத்துவம் அதுதான். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறது. இந்த மெஷினை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். மாட்டியிருக்கும் நேரத்தில் இவருடைய 44, 3 ஆகிவிடுகிறது. முதல் தடவை அது ஓடிய ராத்திரி அவர் சத்தமில்லாமல் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்காமல் படுத்திருந்தேன்.

ஆனால் மாட்டியிருந்தால்தானே. நடு இரவில் தூக்கத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறார், கழற்றியது அவருக்கே தெரியாது. முழு முகத்தை மூடுகிற மாஸ்க், மூக்கை மட்டும் மூடுகிறது, மூக்குத் துவாரத்தில் பொருந்துகிற பில்லோ மாஸ்க் என்று எல்லாம் மாற்றிப் பார்த்தோம். அழுத்தத்தைக் குறைத்தார்கள், மெதுவாக ஏறுகிற மாதிரி வைத்தார்கள், காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையர் போட்டார்கள், மூக்கடைப்புக்கு ஸ்பிரே கொடுத்தார்கள். வயிற்றுக்குள் காற்று போய் உப்புசம் வேறு. ராத்திரிக்கு எவ்வளவு நேரம் போட்டார் என்று பதிவாகிற மெஷினின் கார்டில் பார்த்தால் சராசரி மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. குறைந்தபட்சம் 4 மணி நேரம், அதுவும் பத்தில் ஏழு ராத்திரியாவது போட்டால்தான் "பயன்படுத்துகிறார்" என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு குறைந்தபட்சக் கோடுதான், தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதுதான் மருத்துவம்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மாஸ்க்கை ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாஸ்க் அளவு சரியில்லாததால் மட்டுமே மெஷினைப் பரண்மேல் போட்டவர்கள் நிறையப் பேர். செலவைப் பார்த்துப் பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு உதிர்வதால் பல பழைய மாடல்களைத் திரும்பப் பெற்றது, அதனால் பழையது வாங்கினால் மாடலையும் சீரியல் எண்ணையும் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, முதல் இடத்துக்கு வருகிறேன். உறவினர் ஒருவர் சொல்லித்தான் போனோம். நல்ல ஏ.சி., நல்ல உபசரிப்பு, காத்திருக்கவே வேண்டாம். சுவர் முழுக்க முன்னும் பின்னுமாக முகப் படங்கள், பெரும்பாலும் கல்யாண வயதுப் பிள்ளைகள். டாக்டர் என் கணவரின் முகத்தைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் தாடையை இழுத்து முன்னால் வைத்து, "ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி இருப்பீங்க" என்று காட்டினார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையில் வைத்திருந்த ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நானாகவே நீட்டியபோது முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு "ஆமா, இதுவும் சரியாயிடும்" என்றார்.

இதுவும்! மூச்சு நிற்பது அவருக்கு ஒரு கூடுதல் லாபம், முகம்தான் முதல். மெஷின் எவ்வளவு நேரம் போடுகிறார் என்று கேட்கவில்லை. மூக்குக்குள் பார்க்கவில்லை. உதடு மரத்துப்போகுமா என்று நான் கேட்டதற்கு "கொஞ்ச நாள் இருக்கும், போயிடும்" என்று ஒரே வரி. எத்தனை பேருக்குப் போகும், எத்தனை பேருக்குப் போகாது என்பது இல்லை. அரை மணி நேரத்துக்குள் கையில் மதிப்பீட்டுத் தாள் வந்துவிட்டது, அதில் காரணம் என்ற இடத்தில் "முக அமைப்புத் திருத்தம்" என்று எழுதியிருந்தது. அந்த மூன்று வார்த்தை இன்சூரன்ஸில் என்ன பாடுபடுத்தும் என்பதைக் கீழே சொல்கிறேன். முன்பணம் இன்றே கட்டினால் சலுகை என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்த 1 மார்க்கூட அங்கே எடுத்த எக்ஸ்-ரே படம் பிறகு உபயோகப்பட்டதற்குத்தான்.

இரண்டாவது இடம், சென்னை. இங்கே எல்லாமே நேர்மாறு. ரிசப்ஷனில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஸ்லீப் ஆப்னியா என்றதும் ஈ.என்.டி. பக்கம் அனுப்பினார்கள், அங்கிருந்து பல் பிரிவு, அங்கிருந்து மறுபடியும் கீழே. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவருக்கு, அதுவும் தூக்கக் கோளாறு உள்ளவருக்கு, அது சின்னக் கஷ்டம் இல்லை. அந்த ஒரு மார்க்கை இதற்கும் பில்லிங் கவுன்ட்டருக்கும் சேர்த்துத்தான் குறைத்தேன்.

உள்ளே போனதும் தாடை அறுவை நிபுணர் முதலில் கேட்டது மெஷின் கார்டை. அதைப் போட்டு ராத்திரிவாரியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, ராத்திரி என்ன நடக்குது? அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மல்லாந்து படுக்கும்போதா, பக்கவாட்டிலும் உண்டா, விடியற்காலையில் அதிகமா, கழற்றியபின் எவ்வளவு நேரத்தில் திணறல் ஆரம்பிக்கிறது என்று அவர் கேட்ட கேள்விகளை அதுவரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அளவு, டான்சில், அண்ணம், பல் கடிப்பு எல்லாம் பார்த்தார். பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் கோடு போட்டு, நாக்குக்குப் பின்னால் காற்றுக்கு இருக்கிற இடைவெளியை அளந்து எங்களுக்கும் காட்டினார். அப்புறம், "இது நிற்கும்போது, முழிச்சிருக்கும்போது எடுத்த படம். தூங்கும்போது என்ன ஆகுதுன்னு பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, தூக்க எண்டோஸ்கோபிக்கு எழுதினார்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முடிவே இதில்தான் திரும்பியது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர் மருந்தை மெதுவாக ஏற்றி, குறட்டை வருகிற அளவுக்கு மட்டும் தூங்க வைக்கிறார். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, எந்த இடம் மூடுகிறது என்று நேராகப் பார்க்கிறார்கள். அண்ணமா, தொண்டையின் பக்கச் சுவரா, நாக்கின் அடிப்பகுதியா, குரல்வளை மூடியா என்று நான்கு இடங்களைத் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். மருந்தில் வரும் தூக்கம் வீட்டுத் தூக்கம் அல்ல என்பதையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லையாம்.

பிறகு வீடியோவை எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் காட்டினார்கள். இவருக்கு அண்ணம் பாதி மூடுகிறது, அதற்குக் கீழே நாக்கின் அடி பின்சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது, பக்கச் சுவர்களும் உள்ளே சரிகின்றன. நான் வெளியிலிருந்து இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி திரையில் அப்படித் தெரிந்தது. அடுத்து, உதவி டாக்டர் கையால் கீழ்த்தாடையைப் பிடித்துச் சற்று முன்னால் தள்ளுகிறார். தள்ளியதும் மொத்தப் பாதையும் திறக்கிறது, விட்டதும் மூடுகிறது. திரும்பத் திரும்பச் செய்து காட்டியிருந்தார்கள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

தாடையை நகர்த்தினால் தொண்டை ஏன் திறக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், மோவாய்க்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. மென்மையான அண்ணம் மேல்தாடையின் பின்னால் தொங்குகிறது. எலும்பை முன்னால் கொண்டுபோனால் அதோடு ஒட்டிய சதையெல்லாம் கூடவே வருகிறது, பக்கச் சுவர்களும் இழுபட்டு விறைப்பாகின்றன. அண்ணத்தையும் உள்நாக்கையும் மட்டும் வெட்டிச் சுருக்குகிற பழைய ஆபரேஷனில் அந்த ஓர் இடம்தான் சரியாகும், அதன் வெற்றி விகிதம் மொத்தமாகப் பார்த்தால் 40 சதவீத அளவில்தான் என்று 1996-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்கு அதில் நல்ல பலன் உண்டு, இவருக்கு அடைப்பு கீழே இருப்பதால் அது போதாது என்றார் டாக்டர்.

தாடை ஆபரேஷனுக்கு எண்கள் என்ன என்று கேட்டோம். இங்கேதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. 2016-ல் 45 ஆய்வுகளிலிருந்து 500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரையைச் சொல்லி, "100 பேருக்குச் செய்தா 85 பேருக்கு வெற்றின்னு எழுதியிருப்பாங்க. வெற்றின்னா என்னன்னு கேளுங்க" என்றார். ஏ.எச்.ஐ. பாதிக்கு மேல் குறைந்து 20க்குக் கீழ் வந்தால் அதுதான் அவர்கள் கணக்கில் வெற்றி. 5க்குக் கீழ் வந்து நோயே இல்லை என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தவர்கள் 100க்கு 38, 39 பேர்தான். அதாவது செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். 44-லிருந்து 10-க்கு வந்தால் அது பெரிய நிம்மதி, ஆனால் மெஷினே வேண்டாம் என்று யாரும் இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. வயது குறைவாகவும், எடை குறைவாகவும், தாடை நிஜமாகவே பின்னால் இருப்பவராகவும் இருந்தால் பலன் கூடுதல் என்றார். அந்த மூன்றுமே இவருக்குப் பொருந்துகிறது.

ஆபரேஷன் பெரியதுதான், அதை அவர் மெழுகிப் பூசவில்லை. முழு மயக்கத்தில் பல மணி நேரம். வெட்டுவது வாய்க்குள்ளேயே என்பதால் முகத்தில் தழும்பு பெரும்பாலும் வராது. மேல்தாடையைப் பற்களுக்கு மேலே குறுக்காகப் பிரித்து, கீழ்த்தாடையை இரு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, இரண்டையும் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் வைத்து டைட்டானியம் தகடும் திருகும் போட்டு முடுக்குகிறார்கள். முதல் ராத்திரி ஐ.சி.யூ. வாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவைப்பது இப்போது பெரும்பாலும் இல்லை, ரப்பர் பேண்ட் சில வாரம் இருக்கும். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும். எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், அதுவரை கஞ்சி, கூழ், ரசத்தில் கரைத்த சாதம், அரைத்த பருப்பு. 62 கிலோ ஆள் இன்னும் எத்தனை கிலோ இறங்குவார் என்பதுதான் என் கவலை. டயட்டீஷியனை ஆபரேஷனுக்கு முன்பே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இது எனக்குப் பிடித்தது.

உதடு விஷயத்துக்கு வருகிறேன். கீழ்த்தாடைக்குள் ஓடுகிற ஒரு நரம்புதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. எலும்பைப் பிளப்பது அந்த நரம்பை ஒட்டித்தான். அதனால் ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லாருக்குமே மரத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே நின்றுவிடும். உதடு அசைவதில் பிரச்சினை இல்லை, தொடு உணர்ச்சிதான் போகும். சூடான காபி சுட்டாலும் தெரியாது, உதட்டோரம் சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாது, சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டாலும் தெரியாது. "அந்தச் சிலரில் நீங்களும் ஒருத்தரா இருந்தா, அதோட வாழ முடியுமான்னு இப்பவே யோசிச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். தேதி கொடுக்கவில்லை, முன்பணம் கேட்கவில்லை. முதல் இடத்தில் ஒரு வரியில் முடிந்த பதில் இங்கே கால் மணி நேரம் நடந்தது.

முகம் மாறும் என்பதையும் சொன்னார். மேல் உதடு, மூக்கின் அடி, மோவாய் எல்லாம் முன்னால் வரும், மூக்கு கொஞ்சம் அகலலாம். இவருக்குத் தாடை உள்ளே இருப்பதால் மாற்றம் நல்லதாகவே தெரியும் என்றார், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சொன்னார். என் மாமியாருக்கு இந்த ஒன்றுதான் பெரிய கவலை. "எம்புள்ள மூஞ்சி மாறிடுமாம்மா?" என்று தினம் கேட்கிறார். பெற்ற முகத்தைப் பற்றிய கவலை, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. எண்டோஸ்கோபி வீடியோவை அவருக்கும் போட்டுக் காட்டினோம். பார்த்த பிறகு கேள்வி குறைந்திருக்கிறது.

மற்ற வழிகளையும் அவர் மறைக்கவில்லை. ராத்திரி கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கருவி ஒன்று உண்டு, லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும் மெஷின் ஒத்துவராதவர்களுக்கும் அது நல்ல வழி. 44-க்கு அது மட்டும் போதாது, ஆனால் ஆபரேஷன் வரை மெஷினோடு சேர்த்துப் போட்டால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அளவெடுத்துக் கொடுத்தார்கள். இதைப் போட்டபிறகு மாஸ்க்கைக் கழற்றுவது குறைந்திருக்கிறது, உப்புசமும் குறைவு. நாக்கு நரம்பைத் தூண்டுகிற கருவியை உடம்பில் பதிக்கிற முறைக்கு அமெரிக்காவில் 2014-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள், எங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு வேறு கதை. எடையைக் குறைக்கிற டிர்செபடைடு ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில், உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கென்றே அனுமதி வந்தது. என் கணவரின் அண்ணன் முறை ஒருவர் 104 கிலோ, அவருக்கும் இதே நோய். அவர் என்னிடம் கேட்டால் தாடையைத் தொடவே வேண்டாம், முதலில் எடைக்கு வழி பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பணம். முதல் இடத்தில் சொன்னதைவிட இங்கே அதிகம், எல்லாம் சேர்த்து 4 லட்சத்தை ஒட்டி வருகிறது. டாக்டர் அறையில் இவ்வளவு தெளிவாகப் பேசிய மருத்துவமனை, பில்லிங் கவுன்ட்டரில் குழப்பியடித்தது. முதலில் கொடுத்த மதிப்பீட்டில் தகடும் திருகும் சேரவில்லை, ஐ.சி.யூ. வாடகை தனி, மயக்க டாக்டர் கட்டணம் தனி, கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாம் சேர்ந்த ஒரே தாள் வேண்டும் என்று நின்று வாங்கினேன். நீங்களும் அப்படி வாங்காமல் கிளம்பாதீர்கள். பணம் முடியாதவர்களுக்கு, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாய், முகம், தாடை அறுவைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் போய்க் கேட்கலாம்.

இன்சூரன்ஸ்தான் அடுத்த தலைவலி. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்திருக்கும் பொதுவான விலக்குகளில், தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றாலோ, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவை என்றாலோதான் விதிவிலக்கு. இப்போது தெரிகிறதா, "முக அமைப்புத் திருத்தம்" என்று எழுதிய தாளோடு போனால் என்ன ஆகும் என்று? சென்னை டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, ஏ.எச்.ஐ. 44, ஆக்சிஜன் 79, மெஷின் முயன்று போதிய நேரம் போட முடியவில்லை, எண்டோஸ்கோபியில் நாக்கின் அடியில் அடைப்பு என்று வரிசையாக இருக்கிறது. ஸ்லீப் டாக்டரும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டையும் அனுப்பி, முன்அனுமதிக்குக் காத்திருக்கிறோம். பல் சிகிச்சை என்று சொல்லித் தட்டிவிடவும் பார்ப்பார்களாம், அதனால் "பல்" என்ற தலைப்பில் ஓ.பி. சீட்டு போட்டிருந்தால் பிரிவின் பெயரை மாற்றி வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலில் பல்லுக்குக் கம்பி கட்டி, வரிசையைச் சரிசெய்து, அதற்கப்புறம் ஆபரேஷன் செய்தால் கீழ்த்தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம், கடிப்பும் அழகாக அமையும், ஆனால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். இல்லையென்றால் இப்போது இருக்கிற கடிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு தாடையையும் ஒரே அளவு நகர்த்தலாம். டாக்டர் இரண்டும் செய்யத்தக்கதே, இவருடைய கடிப்பு நிலையாக இருப்பதால் இரண்டாவதில் தவறில்லை என்றார். கம்பி கட்டினால் பல் கருவியும் போட முடியாது, அந்த ஒரு வருஷமும் அரைகுறை மெஷினோடு, அந்த பைக்கோடு, அந்த ரோட்டோடு போக வேண்டும். பல் வரிசைக்காக அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. என் கணவரும் அதையே சொன்னார்.

ஆம், செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டோம், பிள்ளைகளின் மே மாத லீவில். உதடு திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு நிறைய நாள் ஆனது. அவசரப்படுத்தவில்லை, அது அவருடைய உதடு. "மரத்த உதட்டோட இருந்துக்கலாம், நீ பக்கத்துல உட்கார்ந்து நான் மூச்சு விடுறேனான்னு பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் எனக்குத் தாங்கல" என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஸ்லீப் ஸ்டடி, அதில் எண் 15க்கு மேல் நின்றால் குறைந்த அழுத்தத்தில் மெஷினைத் தொடர்வது என்றும் இப்போதே பேசி வைத்துக்கொண்டோம். பிறகு மனம் உடைந்துவிடக் கூடாது.

யாராவது இந்த ஆலோசனைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் ஸ்லீப் ஸ்டடியின் முழு ரிப்போர்ட் (சுருக்கப் பக்கம் மட்டும் போதாது), மெஷின் கார்டு, போட்டுப் பார்த்த மாஸ்க்குகளின் பெயர், பழைய பல் எக்ஸ்-ரே, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் படுக்கிறவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், முடிந்தால் திணறும் ராத்திரி ஒன்றை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோபி செய்கிற நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், மயக்க மருந்து கொடுப்பதால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வேண்டும். இந்த ஆபரேஷன் என்றில்லை, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க டாக்டரிடம் ஸ்லீப் ஆப்னியா இருப்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள். வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்கி, காலை முதல் டோக்கனை வாங்கிவிடுவது நல்லது.